பிறப்பில் வந்ததும் பழக்கத்தில் வந்ததும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கெடாவின் தோட்டங்களிலும், சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் போன்ற ஊர்களிலும் நுரையீரல் புற்றுநோயைப் பற்றி இரண்டு பேச்சுகள் உண்டு. "தாத்தா சுருட்டுப் பிடித்தே தொண்ணூறு வயது வாழ்ந்தார், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பது ஒன்று. "எங்கள் பரம்பரையிலேயே இந்த நோய் இருக்கிறது, இனி விட்டு என்ன பயன்?" என்பது மற்றொன்று. இரண்டுமே பொறுப்பைப் பரம்பரையின் தலையில் ஏற்றுகின்றன.

பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. 2008ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள், தனித்தனியே ஆராய்ந்தும், 15ஆவது குரோமோசோமில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. நிக்கோட்டின் வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை உண்டாக்கும் மரபணுக்கள் அங்கே இருக்கின்றன. அங்குள்ள ஒரு சிறு மாற்றத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்றவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுகிறது. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு 70 முதல் 80 விழுக்காடு வரை கூடுகிறது. அவ்வாய்வுகள் ஐரோப்பிய வழிவந்தோரிடம் நடத்தப்பட்டவை. அம்மாற்றம் உடையவர் அதிகம் புகைப்பதும், விட முடியாமல் தவிப்பதும் தெரியவந்தது. ஆகவே, விட முடியாதவரை மனவலிமை இல்லாதவர் என்று ஏசுவது தகாது.

ஆனால் புகைப்பழக்கம் இந்நோயின் வாய்ப்பை எத்தனை மடங்கு கூட்டுகிறது தெரியுமா? 15 முதல் 30 மடங்கு!

பால்மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒட்டுமர ரகங்களில் சில நோயைத் தாங்கும், சில தாங்கா. ஆயினும் கத்தி ஆழமாக இறங்கினால் எந்த ரகத்தின் பட்டையும் கெட்டுப்போகும். ரகம் நாம் கேட்டு வாங்கியதன்று. கத்தி நம் கையில் இருக்கிறது.

விட்டால் பயன் உண்டா? பிரிட்டனில் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் விடை தந்தனர். 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50இல் விட்டவர் 6 ஆண்டுகளும், 40இல் விட்டவர் 9 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்கின்றனர்.

புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. வீட்டில் பிறர் விடும் புகையும் ஒரு காரணம். மலேசியாவின் 2012–2016 புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். எனவே வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றைப் பனிக்காற்றின் மேல் பழிபோட்டுத் தள்ளிவைக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லுங்கள். புகைப்பதை நிறுத்தவும் அங்கே உதவி கிடைக்கும்.

நன்கொடையாளர்களே, தோட்டத்துப் பெரியவர் ஒருவரைத் தடுப்பது பல வேளைகளில் வண்டிச் செலவும் ஒரு நாள் கூலியுமே. அவரை அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுக்கத் துணை நிற்பதும் அறமே. நம் பிள்ளைகளுக்கு மரபணுவை நாம் தேர்ந்து கொடுக்க இயலாது; புகையில்லாத வீட்டைக் கொடுக்க இயலும்.