சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாக மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)



நான் துப்பறியும் நாவல் எழுதறவன். இதைச் சொன்னதும் ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, "ராஜேஷ்குமார் மாதிரியா?" இன்னொண்ணு, "அதுல என்ன சார் வரும்?"

முதல் கேள்விக்கு பதில் சுலபம். அவர் 1500 நாவலைத் தாண்டினவர். நான் நாலு எழுதியிருக்கேன். 80கள்ல அவரோடது, சுபாவோடது, பட்டுக்கோட்டை பிரபாகரோடதுன்னு மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில கயித்துல தொங்கும். பஸ் கிளம்பறதுக்குள்ள ஒண்ணு வாங்கி, ஊர் வர்றதுக்குள்ள படிச்சு முடிச்சிடுவாங்க. இப்போ அந்தக் கயித்துல ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸும்தான் தொங்குது. என் புத்தகம் சின்னப் பதிப்பகத்துல வருது. அங்கே பதிப்பாளர், மெய்ப்புத் திருத்துநர், கூரியருக்கு பார்சல் கட்டுறவர் எல்லாம் ஒரே ஆள்தான்.

ரெண்டாவது கேள்விக்கு கணக்காவே பதில் சொல்லிடறேன். பகல்ல எனக்கு கிண்டியில ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலை.

கணக்கு

ஒரு நாவல் விலை 220 ரூபாய். 300 பிரதி அச்சடிப்போம். எனக்கு ராயல்டி 10 சதவீதம், அதாவது புத்தகத்துக்கு 22 ரூபாய். அத்தனையும் வித்தா 6,600 ரூபாய். எழுத ஒன்றரை வருஷம் ஆகுது. காலையில நாலே முக்காலுக்கு எழுந்து ஆறரை வரைக்கும் எழுதறேன். அந்த நேரத்துக்கு பால் பாக்கெட் போட்டா கூட இதைவிட அதிகமா கிடைக்கும்.

பதிப்பாளரும் கோடீஸ்வரர் ஆகல. கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு, அதுக்கு மேல அச்சுச் செலவு, கூரியர். நூலக ஆர்டர் வந்தா அந்த வருஷம் தீபாவளி. வரலைன்னா அடுத்த புத்தகக் காட்சி வரைக்கும் காத்திருக்கணும்.

எழுத வர்றவங்களுக்கு இந்த இடத்துல ஒரே ஒரு அறிவுரை: ஒப்பந்தத்தைப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. ஆடியோ, சினிமா, மொழிபெயர்ப்பு உரிமையெல்லாம் யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. 1887ல ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் தடவையா தலைகாட்டின 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலோட மொத்த உரிமையையும் கானன் டாயல் 25 பவுனுக்குக் கொடுத்துட்டார். அந்தக் கதையில அவருக்கு அதுக்கு மேல ஒரு பைசா வரல. ஹோம்ஸைப் படைச்சவருக்கே அந்த நிலைமை.

எந்தப் பால்?

நான் எழுதற முறையும் கணக்கு மாதிரிதான். முதல்ல முடிவை எழுதிடுவேன். அப்புறம் எக்ஸெல்ல ஒரு ஷீட். எந்தத் தடயம், எந்தப் பக்கத்துல வருது, யாருக்குத் தெரியும், எங்கே அது விடுபடுது, எல்லாத்துக்கும் ஒரு காலம். கடைசி அத்தியாயத்துல துப்பறிவாளர் சொல்ற ஒவ்வொரு விஷயமும் வாசகர் கண்ணுல ஏற்கெனவே பட்டிருக்கணும். அதுதான் இந்த ஆட்டத்தோட நேர்மை. ரெண்டு பக்கமும் டேலி ஆகணும்.

முதல் நாவல்லயே அது டேலி ஆகல. அது ஆஃப்செட்ல அடிச்ச புத்தகம். 16 பக்கம் சேர்ந்தா ஒரு பாரம். என் நாவல் 180 பக்கம் வந்துடுச்சு. பதிப்பாளர் போன் பண்ணி, "11 பாரத்துல முடிச்சா 176. மிச்ச நாலு பக்கத்துக்குத் தனியா பிளேட் போடணுமா? எங்கேயாவது குறைச்சுக் குடுங்க"ன்னார். சமையல்கட்டுல நடக்கிற ஒரு நீளமான காட்சி இருந்தது. பெருசா எதுவும் நடக்கலையேன்னு அதைத் தூக்கிட்டேன்.

புத்தகம் வந்து ரெண்டு வாரத்துல திருநெல்வேலியிலேருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கூப்பிட்டார். "தம்பி, கடைசியில போலீஸ்காரர் சொல்றாரே, அடுப்புல பால் தீய்ஞ்சது உங்களுக்குத் தெரியவே இல்லையே, உங்களுக்கு வாசனை தெரியாது, நீங்கதான் கொலையாளின்னு. எந்தப் பால் தம்பி?"

அந்தப் பால் நான் தூக்கின நாலு பக்கத்துல இருந்தது.

ரெண்டாவது நாவல்ல இன்னொரு தப்பு. கதை 2024 அக்டோபர்ல நடக்குது. சந்தேக மரணம்னு இன்ஸ்பெக்டர் 174ல கேஸ் போடறார். ஒரு வக்கீல் நண்பர் படிச்சுட்டு சிரிச்சார். 2024 ஜூலை 1லேருந்து சட்டமே மாறிடுச்சே! பழைய 174 இப்போ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 194. கொலைக்கு நாம எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்கிற 302 இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவுல 103. சினிமா வசனம் இன்னும் 302லயே நிக்குது, நான் நிக்கக் கூடாது இல்லையா?

ஆனா சின்னப் பதிப்புல ஒரு வசதி உண்டு. இப்போ டிஜிட்டல்ல நூறு நூறா அடிக்கிறதால, அடுத்த நூறுக்கு முன்னாடி ஃபைலைத் திருத்திடலாம். தப்பு பண்ணினா சரிபண்ணிக்கலாம்னு ஒரு தைரியம் வந்துடுச்சு. இன்னிக்கு நான் பேச வந்தது அந்த தைரியத்தைப் பத்தித்தான்.

நாலு வரிச் செய்தி

எனக்குக் கதை எங்கிருந்து வருதுன்னு கேப்பாங்க. பேப்பர்ல மூணாம் பக்கம், நாலாம் பக்கம். அங்கே நாலு வரிச் செய்தி வரும். ஒருத்தர் இறந்து கிடந்தார். உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. "போலீஸார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர்." அவ்வளவுதான். விசாரிச்சு என்ன ஆச்சுன்னு ஐந்தாவது வரி வரவே வராது. என் தொழிலே அந்த வராத வரியிலதான் ஆரம்பிக்குது.

சில வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒரு செய்தி. ஒரு அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், வயசானவர், தண்ணி சம்ப்புல இறந்து கிடந்தார். செய்தியோட கடைசியில ஒரு விவரம்: சம்ப் மூடிக்குப் பக்கத்துல அவரோட செருப்பு ரெண்டும் ஜோடியா கழட்டி வெச்சிருந்தது.

அதைப் படிச்சதும் எனக்கு ஜிவ்வுன்னு ஆயிடுச்சு. கால் தவறி விழறவர் செருப்பை ஜோடியா கழட்டி வெச்சுட்டா விழுவார்? அப்போ வேற யாரோ வெச்சிருக்கணும். இதுல இன்னொரு வசதியும் இருந்தது. தண்ணியில மூழ்கி இறந்தார்னு பிரேதப் பரிசோதனை சொல்லலாம். தானா விழுந்தாரா, யாராவது தள்ளினாங்களான்னு அதை மட்டும் வெச்சு சொல்றது கஷ்டம். மர்மக் கதை எழுதறவனுக்கு அந்த இடைவெளி போதும்.

மூணாவது நாவல் அதுதான். ஊரை மாத்தினேன், பேரை மாத்தினேன். வாட்ச்மேன், சம்ப், செருப்பு மூணையும் மாத்தல. கொலையாளி யாருன்னா, மருமகன். ஏன் மருமகன்? அந்தக் குடும்பத்தைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. கதைக்கு ஒரு ஆள் வேணும், அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கணும். அவ்வளவுதான் காரணம்.

300 பிரதிதானே அடிக்கிறோம், யார் கண்ணுல படப்போகுது?

ஸ்டாலுக்கு வந்தவங்க

நந்தனம் புத்தகக் காட்சி. வேலை நாள், மதியம், கூட்டம் இல்லை. பதிப்பாளர் சாப்பிடப் போயிருந்தார், நான் கல்லாவுல உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மாவும் காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணும் வந்தாங்க. அந்தப் பொண்ணு கையில என் மூணாவது நாவல். கையெழுத்து வாங்க வந்திருக்காங்கன்னு நினைச்சு பேனாவை எடுத்துட்டேன்.

"இதை எழுதினது நீங்கதானா?"ன்னு பொண்ணு கேட்டுச்சு.

"ஆமாம்மா."

"எங்க தாத்தா இது. எங்கப்பாவை எதுக்குக் கொலைகாரர்னு எழுதியிருக்கீங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதும், நாங்க எல்லாரும் வெச்சிருக்கிற அந்தப் பழைய வாக்கியம் வாயில வந்துடுச்சு. "இது கற்பனைக் கதைம்மா…"

அந்த அம்மா பொண்ணோட கையைப் பிடிச்சு அடக்கினாங்க. அவங்க என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "அந்த அபார்ட்மெண்ட்ல குடியிருக்கிறவங்க ஒருத்தர் படிச்சுட்டுக் குடுத்தாங்க சார். எங்க சொந்தக்காரர் ஒருத்தரும் படிச்சிருக்கார். 'அப்போ அப்படித்தான் நடந்துச்சா?'ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டயே கேட்டுட்டார். ரெண்டு நாளா அவர் சரியா சாப்பிடல"ன்னாங்க.

அப்புறம் சொன்னாங்க: "அந்த செருப்பு இருக்கே சார், அதை யாரும் வெக்கல. அப்பாதான் வெச்சார். தினமும் மூடியைத் திறந்து தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்கறது அவர் வேலை. செருப்புக் காலோட சம்ப் கிட்ட போக மாட்டார். எல்லாரும் குடிக்கிற தண்ணின்னு சொல்லுவார்."

என் எக்ஸெல் ஷீட்ல அந்தக் காலமே இல்லை. கொலை நடந்தா செருப்பு எப்படி இருக்கும், விபத்து நடந்தா எப்படி இருக்கும்னு பக்கம் பக்கமா யோசிச்சிருக்கேன். அந்த செருப்பைப் போட்டிருந்தவர் எப்படிப்பட்டவர்னு ஒரு வரி யோசிக்கல.

வெட்கத்தோட இன்னொண்ணும் சொல்லணும். அவங்க அதைச் சொன்ன அதே நொடியில என் மூளைக்குள்ள ஒரு குரல், "இது நம்ம முடிவைவிட நல்ல திருப்பம்டா"ன்னு குறிச்சு வெச்சுக்கிச்சு. எழுதறவங்களுக்கு இந்த வியாதி இருக்கு. அதை நான் இதுவரைக்கும் எந்தக் கதையிலயும் எழுதல, எழுதப் போறதும் இல்லை.

கிளம்பும்போது அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அடுத்த தடவை அடிச்சா அதை மாத்திடுங்க சார்."

மைனஸ் 971

அன்னிக்கு ராத்திரி பதிப்பாளர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் "எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாப்போம்"னார்.

300ல 187 வித்திருந்தது. மீதி 113. அடுத்த நாளே எல்லாத்தையும் ஸ்டால்லேருந்து எடுத்துட்டோம். பிரதிக்கு அச்சுச் செலவு 90 ரூபாய், மொத்தம் 10,170. "முழுசும் நான் குடுத்துடறேன்"னேன். "படிச்சுட்டுத்தானே நானும் அச்சடிச்சேன், பாதி என்னோடது"ன்னார். ஆளுக்கு 5,085. அந்த நாவல்ல எனக்கு வந்த ராயல்டி 4,114. ஆக, என் நிகர வருமானம் மைனஸ் 971 ரூபாய்.

வித்துப்போன 187ஐ என்ன பண்றது? கூரியர்ல வாங்கினவங்க நம்பர் இருந்தது. எல்லாருக்கும் மெசேஜ் போட்டு விளக்கலாமான்னு யோசிச்சோம். விளக்கினா, இது யாரோட கதைன்னு தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிடும். அதனால போடல. அந்த 187 இன்னும் யாரோ வீட்டு அலமாரியில இருக்கு. ஃபைலைத் திருத்தலாம்னு சொன்னேனே, அந்த தைரியம் முடியற இடம் இதுதான். அச்சான பிரதியைத் திருத்த முடியாது, ரெண்டு நாள் சாப்பிடாம இருந்த மனுஷனோட அந்த ரெண்டு நாளையும் திருத்த முடியாது.

எட்டு மாசம் உட்கார்ந்து நாவலைத் திரும்ப எழுதினேன். வாட்ச்மேன் இல்லை, சம்ப் இல்லை, மருமகன் இல்லை. உண்மையைச் சொல்லணும்னா புது முடிவு பழையதைவிட சுமார்தான். தெரிஞ்சேதான் விட்டிருக்கேன்.

இப்போ எப்படி எழுதறேன்

நாலு வரிச் செய்தி இன்னும் படிக்கிறேன். படிக்காம இருக்க முடியல. ஆனா ஷீட்ல ஒரு காலம் கூட்டியிருக்கேன்: "இதைப் படிச்சா யார் தன்னை அடையாளம் கண்டுக்குவாங்க?" அதுக்கு நேரா ஒரு ஆள் வந்தா, அந்த விவரத்தை எடுத்துடறேன். எவ்வளவு நல்ல தடயமா இருந்தாலும் சரி.

பெரிய எழுத்தாளர்களுக்கு வாசகர்னா ஒரு எண். லட்சம், ரெண்டு லட்சம். எனக்கு 300 பேர். எந்த மதியமும் அதுல ஒருத்தர் ஸ்டாலுக்கு நேர்ல வந்து நிக்கலாம். ஒருத்தர் எந்தப் பால்னு கேப்பார், இன்னொருத்தர் எங்கப்பாவை ஏன்னு கேப்பாங்க. ரெண்டு கேள்விக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

எங்க கணக்குல சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு உண்டு. எங்கிருந்து வந்தது, எதுக்கு வந்ததுன்னு தெரியாத தொகையைத் தற்காலிகமா அதுல போட்டு வெப்போம். வருஷக் கடைசிக்குள்ள அதை க்ளியர் பண்ணியே ஆகணும், இல்லைன்னா ஆடிட்டர் விடமாட்டார். நாவலும் எனக்கு அப்படித்தான், கடைசிப் பக்கத்துல எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. ஆனா அந்தப் பெரியவர் எப்படி விழுந்தார்னு எனக்குத் தெரியாது. அவங்க வீட்டுலயும் தெரியாது. தெரியாததை ஒரு ஆள் பேர்ல எழுதி க்ளியர் பண்ணினேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச தப்பு.

இதை இங்கே பேசலாமான்னு அந்த அம்மாகிட்ட போன்ல கேட்டேன். ஏரியா, வருஷம், பேர் எதுவும் சொல்லாம பேசுங்கன்னாங்க. "அப்போ செருப்பு விஷயத்தையும் விட்டுடறேன்மா"ன்னேன்.

"இல்லை சார், அதைச் சொல்லுங்க. அப்பா எப்படின்னு அதுல தெரியும்"னாங்க.

சொல்லிட்டேன்.