கித்தான் கூரையின் கண்ணாடி



ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் மும்பையில் பருவமழை தொடங்குவது வழக்கம். அன்று செம்பூர் ரயில் நிலையத்தின் எதிரே சிறிது நேரம் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். வரிசையில் நிற்கும் ஆட்டோ ரிக்ஷாக்களின் ஓட்டுநர்கள், சென்ற அக்டோபரில் சுருட்டிக் கட்டிய ரெக்ஸின் திரைகளை அவிழ்த்துத் தொங்கவிடுவார்கள். திரையின் நடுவே, வெளியே பார்ப்பதற்கென்று, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்று தைக்கப்பட்டிருக்கும். எட்டு மாதப் புழுதி அதன்மேல் படிந்திருக்கும். ஓட்டுநர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அந்தத் தாளை அழுத்தி ஒரு துடை துடைப்பார். புழுதி போய்விடும், தாள் பளிச்சென்று இருப்பதுபோலவும் தோன்றும். ஆயினும் அந்தத் தாளுக்கு அவ்வாண்டில் நேரும் பெரிய கேடு அந்த ஒரு துடைப்பினால் நேர்ந்ததே என்றால், அவர் நம்பமாட்டார்.

மாதுங்காவில் வாழும் அன்பர்கள், "எங்கள் பக்கம் ஆட்டோவே வராதே, இந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கக்கூடும். தீவு நகரப் பகுதியில் ஆட்டோ ரிக்ஷாவுக்கு அனுமதி இல்லை என்பது மெய்தான். ஆனால் கித்தான் கூரை போட்ட ஜீப் வண்டிகளுக்கு அத்தகைய எல்லை ஏதும் இல்லை. அவ்வகை வண்டிக்கும் இந்நகருக்கும் உறவு பழையது. நாற்பதுகளின் இறுதியில், பம்பாய் என்று இந்நகர் அழைக்கப்பட்ட காலத்தில், வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை அமெரிக்காவிலிருந்து தருவித்து மஜகாவில் பூட்டி ஓட விட்டவர்கள் மஹிந்திரா நிறுவனத்தார். அந்த வழியில் வந்த 'தார்' வண்டியிலும், 2020இல் வெளிவந்த வகையில், மடக்கக்கூடிய துணிக்கூரை உண்டு. துணிக்கூரைக்குக் கண்ணாடிச் சாளரம் வைத்தால் மடங்காது. ஆகவே மடங்கும் பொருளை நாட வேண்டியிருக்கிறது.

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்க நாட்களில், நம் ஊர்ச் சிறுவர் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகத்தின் மெல்லிய தகடுகளைப் பக்கத்திரைகளில் பொருத்தினார்கள். அது எளிதில் உடைந்தது. பின்னர் செல்லுலாய்டு வந்தது. அதுவோ விரைவில் மஞ்சளித்தது. தீயும் எளிதில் பற்றியது. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ ஸீமன் என்பவர், விறைப்பான வினைல் பிளாஸ்டிக்கில் நெகிழ்ச்சி தரும் திரவம் ஒன்றைக் கலந்து, அதை ரப்பர்போல் வளையச் செய்தார். இன்று செம்பூர் ஆட்டோவின் திரையில் இருப்பது அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் குணம், குறை இரண்டும் அந்தத் திரவத்தில்தான் அடங்கியிருக்கின்றன. அது உள்ளே இருக்கும்வரை தாள் வளையும். வெயிலாலும் வெப்பத்தாலும் அது சிறிது சிறிதாக வெளியேற, தாள் விறைத்து வெடிக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கையே சிதைப்பதால் மஞ்சள் நிறமும் ஏறுகிறது.

இந்தத் தாள் மிக மென்மையானது. சாலைப் புழுதியில் இருக்கும் மணலோ சன்னல் கண்ணாடியையே கீறும் கடினம் உடையது. உலர்ந்த துண்டால் அழுத்தித் துடைக்கும்போது அந்த மணலைத் துணிக்கும் தாளுக்கும் நடுவே வைத்து நாமே இழைக்கிறோம். தச்சன் உப்புத்தாளால் மரத்தை இழைப்பது போன்ற செயல் இது. விளையும் கீறல்கள் நூலினும் மெல்லியவை; பகலில் கண்ணுக்குப் புலப்படா. இரவில் எதிரே ஒரு லாரியின் விளக்கு ஒளிரும்போது ஒவ்வொரு கீறலும் அந்த ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடிக்கும். தாள் முழுவதும் ஒரு வெள்ளைச் சுவர் ஆகிவிடும். ஜூலை மாதத்தில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், திரையைத் தூக்கி விட்டுக்கொண்டு வெளியே தலை நீட்டிப் பார்ப்பதும் இயலாது.

இதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் ஜீப்பில் கண்டாலா மலைப்பாதையில் இரவில் சென்றோம். புறப்படுவதற்கு முந்திய நாள், பின்புறச் சாளரத்தில் ஒட்டியிருந்த தார்ப்பொட்டை நீக்குவதற்காக, பெயின்ட் தின்னர் தோய்த்த துணியால் அதை நாமே துடைத்தோம். முதலில் நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த பின் தாள் பிசுபிசுத்துப் பால்போல் வெளுத்தது. மலைமேல், மழையில், வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டிய ஓர் இடத்தில், பின்னால் இருப்பது பாதையா பள்ளமா என்று தெரியவில்லை. நண்பர் இறங்கி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நின்று குரல் கொடுத்து எங்களைக் கரை சேர்த்தார். அன்றிலிருந்து தின்னர் புட்டியைச் சாளரத்தின் அருகே கொண்டு செல்வதில்லை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அவ்வாறே விலக்கத்தக்கவை. வீட்டுக் கண்ணாடிக்குத் தெளிக்கும் அம்மோனியா கலந்த திரவமும் இதற்கு ஆகாது.

பின் எப்படித்தான் துடைப்பது? கையை வைக்குமுன் நீரை ஊற்ற வேண்டும்; இதுவே முழுமுதல் விதி. ஒரு குவளை நீர் மேலிருந்து வழிந்தால் மணலில் பெரும்பகுதி தானே இறங்கிவிடும். அதன் பின்னர் மென்மையான சோப்பு கரைத்த நீரில் பழைய பருத்தித் துணியை நனைத்து, மேலிருந்து கீழாக, நேர்க்கோட்டில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வட்டக் கீறல் விழும். எத்திசையிலிருந்து விளக்கு வந்தாலும் அது மின்னும். துணி தரையில் விழுந்துவிட்டால் அலசாமல் மீண்டும் எடுக்கலாகாது. நல்ல நீரால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். இதற்கு ஆகும் நேரம், ஒரு தேநீர் ஆறும் நேரம்.

ஏற்கெனவே கீறல் விழுந்த சாளரத்தின் கதி என்ன? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அதை நமக்குக் கற்பித்தவர் செம்பூரில் ஆட்டோ ஓட்டும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர். "அண்ணாச்சி, மழை பெய்யும்போது நல்லாத் தெரியுது, காய்ஞ்சதும் மங்கிப்போகுது, இது என்ன மாயம்?" என்று கேட்டார். அவர் கேள்வியிலேயே விடை இருந்தது. நீர் கீறல்களை நிரப்பி மேற்பரப்பைச் சமன் செய்வதால் ஒளி சிதறாமல் செல்கிறது. ஆகவே நனைத்ததும் தெளியும் தாளின் நோய் மேற்பரப்பில் மட்டுமே இருக்கிறது. மெருகினால் அது தீரும். நனைத்த பின்னும் மங்கலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் நோய் உள்ளே சென்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. நகத்தால் தடவும்போது நகம் மாட்டிக்கொள்ளும் ஆழக் கீறலும் மெருகுக்கு அடங்காது.

மெருகு என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் குறைத்துச் சமமாக்குவது. எனவே ஒவ்வொரு முறையும் தாள் சிறிது மெலிகிறது. இதற்குப் பிளாஸ்டிக்குக்கென விற்கும் நுண்ணிய மெருகுக் குழம்பே ஏற்றது. வண்டியின் பெயின்டுக்கு உரிய குழம்பு பலவேளை இதற்கு முரடு. பற்பசையால் தேய்க்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. மெல்லிய கீறலுக்கு அது ஓரளவு பயன்படும், ஆனால் பசைக்குப் பசை முரடு வேறுபடுவதால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தே துணிய வேண்டும். தாளை முதலில் கழுவி உலர்த்தி, நிழலில் வைத்து, உட்புறம் மடித்த துணியோடு ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்து, உள்ளங்கையளவு இடமாக மெல்லத் தேய்க்க வேண்டும். குழம்பு காயவிடலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், இதைச் செய்தால் போதுமானது.

மெருகுக்கு மிஞ்சிய தாளை மாற்றத்தான் வேண்டும். தாராவியில் தோல்பை தைத்துப் பழகிய நம்மவர் கைகளுக்கு ரெக்ஸினில் வினைல் தைப்பது பெரிய வித்தையன்று. ஒன்று மட்டும் அவர்களிடம் சொல்லி வைக்கலாம்: தையலை நெருக்கிப் போட வேண்டாம். ஊசித் துளைகள் நெருங்கினால் தபால் தலையின் ஓரம்போலாகி, காற்றில் படபடக்கும் திரை அவ்வழியே கிழியும். துணிக்குத் தேவையானதைவிட நீண்ட தையலே வினைலுக்கு நல்லது.

மழை ஓய்ந்து திரையைக் கட்டும் நாளில் சிறிது கவனம் வேண்டும். சேறும் ஈரமுமாகச் சுருட்டினால் மணலை உள்ளே வைத்து எட்டு மாதம் அரைப்பதற்கு ஒப்பாகும். கழுவி, நிழலில் உலர்த்தி, மடிப்பு விழாதபடி தளர்வாகச் சுருட்ட வேண்டும். வெயிலில் காயும் இரும்புச் சட்டத்தின்மேல் தாள் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படிந்த இடம் பட்டையாகக் கறுத்துவிடும். சுருளுக்கு நடுவே ஒரு பழைய வேட்டித் துண்டை வைத்துக் கட்டினால், அடுத்த ஜூனில் அதை அவிழ்க்கும்போது முதல் துடைப்புக்கும் அந்தத் துண்டையே நனைத்துக்கொள்ளலாம்.