வாய் சொல்லாததைக் கை வாசிக்கலாமா?

தவிலைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பலா மரத்தில் குடைந்தது, வலந்தலை, தொப்பி, பூவரசங்குச்சி என்று ஆரம்பித்தால் நீங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவீர்கள். விடிகாலை மங்கல இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதெல்லாம் எதற்கு? நான் பேசப்போவது எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும் ஒரு சண்டையைப் பற்றி. எனக்கும் என் மகனுக்கும் சண்டை.

அவனும் தவில்தான். என்னைவிடக் கை வேகம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இப்போது தனி ஆவர்த்தனம் என்று குச்சியை எடுத்தாலே எதிரே நாலு செல்போன் எழும்புகிறது. ஒரு நிமிஷப் படத்துக்குள் உள்ளதையெல்லாம் கொட்டிவிட வேண்டும். என்ன நடை, எங்கே எடுப்பு, முடிவில் மோரா எங்கே வந்து இறங்கியது, ஒன்றும் கேட்காது. கடகடவென்று ஒரு சத்தம். அதற்குக் கைதட்டல் வேறு.

போதாக்குறைக்கு மண்டப வாசலில் செண்டை மேளம். செண்டையைக் குறை சொல்லவில்லை. திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தற மேளம் கேட்டுப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு காலமாக ஏறி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். அந்தக் கடைசி உச்சத்தை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து மாப்பிள்ளை காருக்கு முன்னால் வைத்தால் அது செண்டையும் இல்லை, மேளமும் இல்லை.

இதைச் சொன்னால் மகன் ஒரு பெயரைச் சொல்லி என் வாயை அடைப்பான். "அப்பா, தெட்சணாமூர்த்தி ஐயாவும் வேகம்தானே?"

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933-ல் இணுவிலில் பிறந்தவர். தகப்பனார் விசுவலிங்கமே தவில் வித்துவான், முதல் பாடம் வீட்டில்தான். பிறகு இக்கரைக்கு வந்து நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையிடம் கற்றார். 1975-ல் போய்விட்டார், ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. கேட்காதவர்கள் அந்த வழியாகவாவது போய்க் கேளுங்கள்.

நான் அவரை நேரில் கேட்டதில்லை. என் அப்பா கேட்டிருக்கிறார். எனக்கு வாய்த்ததெல்லாம் கோயில் திருவிழாவில் பதிந்து, கைமாறிக் கைமாறித் தேய்ந்த ஒலிநாடா. அதில் பாதி ஜனங்களின் பேச்சு, பாதி இரைச்சல். தவிலில் விழும் ஒவ்வொரு அடிக்கும் வாயால் சொல்ல ஒரு சொல் உண்டு. அந்த இரைச்சலுக்குள்ளும் அவர் சொல் ஒவ்வொன்றும் தனியாக விழும். வேகம் உண்டு, பயங்கரமான வேகம். ஆனால் எந்தச் சொல்லும் பக்கத்துச் சொல்லின் மேல் ஏறாது. தொப்பியில் குச்சி விழுவது வேறு, வலந்தலையில் விரல் விழுவது வேறு. நடை மாறும்போது கேட்கிறவனுக்கு மாறியது தெரியும். கணக்குத் தெரியாதவனும் நிமிர்ந்து உட்காருவான்.

மகனை ஒரு நாள் உட்காரவைத்தேன். "இந்த ஒலிநாடாவைப் போடுகிறேன், கேட்பதை வாயால் சொல்லு" என்றேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னான், முழுக்கச் சொன்னான். பிறகு அவனுடைய செல்போன் படத்தைப் போடச் சொன்னேன். "இப்போது இதைச் சொல்லு." இரண்டு ஆவர்த்தம் முயன்றுவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனான். வாசித்தவன் அவனேதான்!

அதுதான் நான் சொல்வது. வாய் சொல்லாததைக் கை வாசிக்கக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், வாய் சொல்லாததைக் கை வாசிக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் சொல் வந்த வழி வேறு மாதிரி. விரலில் மாட்டி வாசிக்கும் கூட்டை நாங்களே செய்வோம். பழைய பருத்தி வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, விரலில் சுற்றிக் காயவிட வேண்டும். காய்கிறவரை அந்தக் கையால் ஒரு வேலையும் ஆகாது. மோர்கூட வீட்டுக்காரிதான் வாயில் ஊற்றுவாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கை சும்மா இருக்கிறதே என்று நான் சொல் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மகனைவிட மகள்தான் பிழையில்லாமல் சொல்வாள். இப்போது கூடு கடையில் கிடைக்கிறது, அந்த உட்காரலும் போயிற்று.

உட்கார நேரம்தான் ஏது? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை சித்திரை வைகாசியில். எங்களுக்கோ அப்போதுதான் நெருக்கடி, ஒரு முகூர்த்தம் முடிந்து அடுத்த ஊருக்கு ராத்திரியோடு பேருந்து. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் இருக்கிறது. மார்கழியில் விடியலில் திருப்பள்ளியெழுச்சி. புரட்டாசியில் வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை. என் பிள்ளைகள் வளர்ந்ததை விட்டு விட்டுத்தான் பார்த்தேன். மேளக்காரர் எந்த வீட்டிலும் இதே கதைதான்.

மகள் கல்யாணம் வந்தது. ஊர் ஊராக யார் யார் பெண்களுக்கோ கெட்டிமேளம் கொட்டியவன், என் பெண்ணுக்குக் கொட்ட முடியாது. தாரை வார்க்கிறவன் மணையில் அல்லவா இருக்க வேண்டும்? மகன்தான் வாசித்தான். கெட்டிமேளத்தில் அவன் இஷ்டம்போல் கொட்டலாம். அங்கே தும்மல், அழுகை, அபசகுனமாக ஒரு வார்த்தை எதுவும் காதில் விழாமல் மூட வேண்டும், அதற்குத்தான் அந்தச் சத்தம். ஆனால் முகூர்த்தம் முடிந்து நாயனம் ஒரு கீர்த்தனையை எடுத்ததும் அவன் கை அடங்கியது. சாகித்யத்துக்கு அணைவாக வாசித்தான். மணையில் இருந்தபடியே என் உதடு சொல்லை முணுமுணுத்துக்கொண்டிருந்ததாம், மகள் அப்புறம் சொல்லிச் சிரித்தாள்.

அதனால் சண்டை முடிந்துவிடவில்லை. "வேகத்தைப் பார்த்துத்தான் ஆள் பேச வருகிறார்கள், உங்கள் சொல்லுக்கு யார் அச்சாரம் தருவார்கள்?" என்று கேட்கிறான். கேள்வி நியாயமானது, பதில் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. மேளம் பேசப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பந்திக்கு முன்னால் அரை மணி நேரம் ஒரு கீர்த்தனையும் ஒரு தனியும் வேண்டும் என்று கேளுங்கள். மைக்கைத் தவிலின் வாயில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் டி.ஜே. பெட்டியை அணைத்துவையுங்கள். அச்சாரம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் என் மகனும் மறுக்க மாட்டான்.