மின்காந்தவியல் தேர்வை வெல்லும் வழி

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கின்றனர். வீட்டில் ஐயம் கேட்க ஆளில்லாத முதல் தலைமுறையினர் இவர்கள். நுண்கணிதத்தோடு கூடிய மின்காந்தவியல் தாளே இவர்களைப் பெரிதும் அச்சுறுத்துகிறது. அத்தாளில் தவறிப் படிப்பையே கைவிட்டோரையும் நாம் கண்டிருக்கிறோம். அவ்விழப்பு இனி நேரலாகாது.

இத்துறையின் முன்னோடியான மைக்கேல் பாரடே கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். உயர்கணிதம் கல்லாத அவர், விசைக்கோடுகளை மனக்கண்ணால் கண்டார். அக்காட்சியைக் கணிதமாக்கியவர் மாக்ஸ்வெல். முதலில் படம், பின்னர் கணிதம் என்னும் இவ்வரிசையே நமக்கும் உகந்தது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். முடிவிலா நீளமுள்ள மின்னேற்றக் கம்பியின் மின்புலம் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று மனப்பாடம் செய்கிறோம். தேர்விலோ குட்டையான கம்பியின் நடுப்புள்ளிக்கு நேரே உள்ள மின்புலத்தைக் கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே கைவிடும். படம் வரைந்து, கம்பியைச் சிறு துண்டுகளாகப் பகுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டின் மின்னூட்டம், தொலைவு, திசை ஆகியவற்றைக் குறியுங்கள். இருபுறத் துண்டுகளின் பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துவிடும், எஞ்சியதைத் தொகையிடுங்கள். தொகையிடல் என்பது முடிவில்லாச் சிறு துண்டுகளைக் கூட்டுவதேயன்றி வேறன்று.

விடை வந்ததும் சோதியுங்கள். மிகத் தொலைவில் அக்கம்பி ஒரு புள்ளி மின்னூட்டமாகவே தோன்ற வேண்டும். மின்புலம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைய வேண்டும். மிக அருகில், முடிவிலாக் கம்பியின் விடை கிடைக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தாவிடில் எங்கோ பிழை உள்ளது.

மின்தேக்கிக் கணக்கிலும் இம்முறையே. 10 லட்சம் ஓம் மின்தடையோடு 10 மைக்ரோபாரட் மின்தேக்கியை இணைத்தால், இரண்டையும் பெருக்கக் கிடைப்பது 10 விநாடி. அதற்குள் ஏறத்தாழ 63 விழுக்காடு மின்னூட்டம் ஏறிவிடும். தொடக்கத்தில் முழு மின்னோட்டம், இறுதியில் சுழி என்பதை நினைவிற்கொண்டால் குறிப்பிழை நேராது.

பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகுங்கள். புரிந்தவர் புரியாதவருக்குக் கரும்பலகையில் விளக்கட்டும். விளக்குபவரே மிகுதியாகக் கற்கிறார். தனித்துத் திகைப்பதினும் கூடிக் கற்பதே நம்மை உயர்த்தும்.