வழிக்கே முதல் உரிமை



2025 மார்ச் மாதம் பஞ்சாப் மாநிலம் மொகாலியில், பைக் நிறுத்துவது பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரோடு எழுந்த வாய்த்தகராறு கைகலப்பாகி, இளம் விஞ்ஞானி ஒருவர் கீழே விழுந்து இறந்துபோனார். அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியின் போகல் பகுதியில், தம் வீட்டு வாசலருகே நின்ற இருசக்கர வாகனத்தைத் தள்ளி நிறுத்தச் சொன்னவர் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு இடத்திலும் சண்டை ஆறடி இடத்துக்காக நடந்தது. சண்டையிட்டவர்கள் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். செய்தியைப் படிக்கும் நாம் உடனே, “மனிதர்களுக்குப் பொறுமை போய்விட்டது” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பொறுமைக் குறைவு ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட ஆழமான காரணம், தெருவில் வண்டி நிறுத்த யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை நம் ஊர்களில் யாருமே தீர்மானித்து வைக்கவில்லை என்பதே. முறை வகுக்காத பொது இடத்தில் நல்லவர்களும் சண்டைக்காரர்களாகிவிடுவார்கள். தெரு முதலில் நடப்பதற்கும் போய்வருவதற்கும் உரியது; வண்டி நிறுத்துவது அதற்குப் பிறகு கிடைக்கும் சலுகை; அந்தச் சலுகையைத் தெருக்காரர்களே கூடிப் பேசி, சண்டை வருவதற்கு முன்பே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரே கருத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வீட்டுக்கு முன்னால் இருக்கும் இடம் யாருடையது? “என் வாசல், என் இடம்” என்று வீட்டுக்காரர் சொல்கிறார். “இது பொதுத் தெரு, யாரும் நிறுத்தலாம்” என்று வண்டிக்காரர் சொல்கிறார். வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் அந்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவது அந்த வீட்டுப் பெண்கள்தான். தலைமுறை தலைமுறையாகப் பராமரித்த இடத்தின் மேல் உரிமை உணர்வு வருவது இயல்பு. ஆனால் பட்டா சுற்றுச்சுவரோடு முடிந்துவிடுகிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊருக்குள் இருக்கும் பொதுத் தெருக்கள் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. வாசலில் சுண்ணாம்பு அடித்த கல்லை வரிசையாக வைப்பதும், தேய்ந்த டயரையும் உடைந்த பூந்தொட்டியையும் போட்டு இடம் பிடிப்பதும், “நோ பார்க்கிங்” என்று நாமே எழுதி கேட்டில் மாட்டுவதும் சட்டத்தின் முன் செல்லாது. அதே நேரம் வண்டிக்காரரின் பேச்சும் முழுமையானதல்ல. பொதுத் தெரு என்றால் எல்லோரும் போய்வரலாம் என்றுதான் பொருள். முதலில் வந்தவர் மூன்று நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்பதல்ல.

கொஞ்சம் அளந்து பார்ப்போம். பழைய குடியிருப்புத் தெரு ஒன்றின் அகலம் பதினைந்து அடி, அதாவது நாலரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பரவலாக ஓடும் மாருதி ஸ்விஃப்ட் காரின் அகலம் ஏறக்குறைய 1.7 மீட்டர். சுவரை உரசாமல் நிறுத்த ஒரு கையகலம், பக்கக் கண்ணாடிக்குக் கொஞ்சம் என்று சேர்த்தால் இரண்டு மீட்டர் போய்விடும். மிஞ்சுவது இரண்டரை மீட்டர். ஆம்புலன்ஸ் வேன் இரண்டு மீட்டர் அகலம் இருக்கும். ஓட்டுநர் கவனமாக வந்தால் தப்பித்துப் போகலாம். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய இரண்டரை மீட்டர். அது தெருமுனையிலேயே நின்றுவிடும். எதிர்ச்சாரியிலும் ஒருவர் காரை நிறுத்திவிட்டால் தெரு அடைபட்டுப்போகிறது. இதில் கழிவுநீர்க் கால்வாய், மின்கம்பம், போர்ட்டிகோவுக்குள் கார் ஏற்றத் தெருவரை இழுத்துக் கட்டிய சாய்தளம் எதையும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. இருபது வீடுள்ள தெருவில் எட்டுக் கார் இருந்தால், அத்தனையையும் தெருவில் நிறுத்தி, வழியையும் வாசல்களையும் விட்டுவைக்கும் வித்தை எந்தப் பொறியாளரிடமும் இல்லை. எனவே சிலருக்குத் தெருவில் இடம் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. யாருக்கு என்பதைத்தான் இன்று குரல் வலிமை தீர்மானிக்கிறது.

இது சேலம், கோவை போன்ற பெருநகரத்துச் சங்கதி, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். மலையூருக்குத்தான் இது மிக அவசரம் என்பது என் எண்ணம். ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சியான செம்மநத்தம் போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். மலைச்சரிவில் ஊர் அமைந்தால் தெருவுக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். சமவெளியில் தெரு போதவில்லை என்றால் வயலை வாங்கி அகலப்படுத்தலாம். இங்கே மேட்டை வெட்டினால் மழைக்காலத்தில் மண் சரியும். பள்ளத்தை நிரப்பினால் கீழ்வீட்டுச் சுவர் தாங்காது. இருக்கிற அகலத்தோடுதான் வாழ வேண்டும். வண்டிகளோ கூடிக்கொண்டே போகின்றன. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்கள் 3 கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். காப்பியும் மிளகும் ஏற்றும் பிக்கப் வண்டி, தோட்டத்து ஜீப், பிள்ளைகளின் பைக் எல்லாம் இந்த ஒற்றைத் தெருவில்தான் நிற்க வேண்டும். ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா நாட்களில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வரும் கார்கள் ஏரிக்கரை நிரம்பியதும் குடியிருப்புகளுக்குள் இடம் தேடுகின்றன. வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடும் பழக்கம் பரவிவருவதால், ஒரு வீட்டு வருமானத்துக்கு வந்த நான்கு கார்கள் பக்கத்து நான்கு வீட்டு வாசலில் நிற்கின்றன. சாலை எட்டாத மலையூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் வீடுவரை வரட்டும் என்றுதான் சாலை கேட்டு மனுக் கொடுத்தார்கள். வண்டிகளை நிறுத்தி அந்தச் சாலையை அடைத்துவிட்டால், போராடிப் பெற்றதை நாமே திருப்பிக் கொடுத்தது போலாகும்.

சட்டம் இருக்கிறதே, காவல்துறை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு ஆபத்தோ இடையூறோ தரும் விதத்தில் பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று 122-ஆம் பிரிவில் சொல்கிறது. பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த 127-ஆம் பிரிவு வழி செய்கிறது. வளைவிலும் மேட்டு உச்சியிலும், பள்ளி, மருத்துவமனை வாயிலிலும், ஒரு வளாகத்தின் வாசலை அடைத்தும் நிறுத்தக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே தடுத்திருந்தன. பொதுவழியை மறிப்பவருக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரை இருந்த அபராதம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் எங்கே நிறுத்தக் கூடாது என்பதைத்தான் இந்தச் சட்டங்கள் சொல்கின்றன. ஐந்து கார் நிற்கக்கூடிய தெருவில் எட்டுக் கார் இருந்தால் எந்த ஐந்து என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. போலீஸ் வந்தால் அன்றைக்கு வண்டி நகரும். மறுநாள் அதே இரண்டு குடும்பங்கள், ஒரே குழாயடியில், பேச்சுவார்த்தை இல்லாமல் நிற்கும். புகார் கொடுத்தவருக்கும் புகாருக்கு ஆளானவருக்கும் நடுவே வாழ்நாள் பகை மிஞ்சும்.

இந்த இடைவெளியை நிரப்பும் அனுபவம் நம்மிடம் உண்டு. ஏரிப்பாசன ஊர்களில் தண்ணீர் எல்லோருக்கும் போதாத ஆண்டுகளில் நம் முன்னோர் முறை வைத்தார்கள். இன்ன மடை இன்ன நேரம் திறக்கும், இன்ன வயலுக்கு இவ்வளவு பாயும் என்று ஊர் கூடித் தீர்மானித்து, அதைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி ஒருவரை நியமித்தார்கள். முறை தவறியவருக்கு ஊரே அபராதம் போட்டது. பொது வளங்களை அவற்றைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து நெடுங்காலம் காக்க முடியும் என்பதை உலகின் பல நாட்டுச் சான்றுகளோடு 1990-இல் ஒரு நூலாக எழுதியவர் அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பயன்படுத்துவோருக்கு விதி வகுப்பதில் பங்கு இருக்க வேண்டும், மீறலைக் கண்காணிக்க ஆள் இருக்க வேண்டும், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும், தகராறைத் தீர்க்க அருகிலேயே ஓர் இடம் வேண்டும் என்று அவர் கண்ட கூறுகள் நம் ஏரிக்கரைகளில் நடைமுறையாக இருந்தவைதான். தண்ணீரைப் போலவே தெருவும் அளவான பொதுச் சொத்து. அதற்கும் முறை வைக்கலாம்.

என்ன முறை? முதலில் வழியை அளந்து கோடு போட வேண்டும். ஆம்புலன்ஸ் போக இரண்டரை மீட்டர் என்று வைத்தால், அந்த இரண்டரை மீட்டருக்குள் எந்த வண்டியும், எந்தக் கல்லும், எந்தச் சாய்தளமும் வரக் கூடாது. அதற்கு விலக்கே கிடையாது. மிஞ்சும் இடத்தில் எத்தனை வண்டி நிற்கும் என்று எண்ண வேண்டும். ஒரு சாரியில் மட்டும் நிறுத்துவது, மாதத்துக்கு ஒருமுறை சாரி மாற்றுவது, வளாகத்துக்குள் இடம் உள்ளவர் உள்ளேயே நிறுத்துவது, ஒரு வீட்டுக்கு ஒரு காருக்கு மேல் தெருவில் இடமில்லை என்பது, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள வீட்டு வாசலை விட்டுவைப்பது, விருந்தினருக்கு வீட்டை விடுபவர் அவர்கள் வண்டிக்கும் இடம் காட்டுவது என்று ஒவ்வொரு தெருவும் தனக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். இடம் போதாத தெருக்களுக்காக ஊர்ப் பொது மைதானத்தை இரவு நேரத்துக்கு ஒதுக்கலாம். முடிவு செய்ததை எழுதி, எல்லா வீட்டுக்காரரும் கையெழுத்திட்டு, கிராம சபையில் தீர்மானமாக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் தீர்மானம் போடும் அதே சபைக்கு இதுவும் உரிய வேலைதான்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. “ஆயுட்கால வரி கட்டித்தான் கார் வாங்கினேன்” என்கிறார் ஒருவர். அந்த வரி சாலையில் ஓட்டுவதற்கு. சாலையை நிறுத்துமிடமாக வைத்துக்கொள்வதற்கு அல்ல. ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வண்டி நிறுத்த வீட்டுக்கு அருகில் இடம் இருக்கிறது என்று காவல்துறையிடம் சான்று பெற்றால்தான் கார் வாங்க முடியும். இன்று அந்தத் தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் நாட்டிலேயே மலை மாநிலங்களான மிசோரமும் சிக்கிமும் வண்டிப் பதிவுக்கு நிறுத்துமிடத்தைக் காட்டச் சொல்லியிருக்கின்றன. இன்னொருவர், “சிறு வீட்டுக்காரன் வண்டிக்கு எங்கே இடம் தேடுவான்? இந்த முறை ஏழையைத்தானே அடிக்கும்?” என்று கேட்கிறார். இது கனமான கேள்வி. அதனால்தான் ஜப்பான் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. பிழைப்புக்கு ஓட்டும் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் தெருமுறையில் முதலிடம் கொடுக்கலாம்; அதைத் தெருவே தீர்மானிக்கலாம். முறையே இல்லாத இன்றைய நிலைதான் ஏழைக்கு எதிரானது. பெரிய காரும் உரத்த குரலும் உள்ளவரே இன்று இடத்தை எடுத்துக்கொள்கிறார். கார் இல்லாத வீட்டுக்காரர் நடக்க இடமின்றிக் கால்வாய் ஓரம் ஒதுங்குகிறார்.

மூன்றாவது எதிர்வாதம், ஊர்க்கூட்டம் போட்டால் செல்வாக்குள்ளவர் சொல்வதே விதியாகிவிடும் என்பது. அந்த ஆபத்து மெய்யானது. அதற்கு மருந்து, எழுதி வைப்பதும், பெண்களும் வண்டி இல்லாதவர்களும் கூட்டத்தில் கட்டாயம் பேசுவதும், ஆண்டுக்கு ஒருமுறை விதியைத் திருத்துவதும். வாய்மொழி வழக்கத்தைவிட எழுதிய விதியை வலியவர் வளைப்பது கடினம். மேலிருந்து அரசே செய்யட்டும் என்றால், பெங்களூரைப் பாருங்கள். 2021-இல் ஏற்கப்பட்ட நிறுத்துமிடக் கொள்கை, குடியிருப்புத் தெருவில் நிறுத்தச் சிறிய காருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய், பெரிய காருக்கு 5,000 ரூபாய் கட்டணம் என்றது. நல்ல யோசனைதான், தெருக்களில் அது நடைமுறைக்கு வரவில்லை. மறுபுறம், சென்னை உயர் நீதிமன்றம் 2025-இன் கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என வரம்பு விதித்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றது. மலை தாங்கும் அளவு ஒன்று உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த அளவை ஊர்த்தெருவில் வகுக்க வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான்.

செம்மநத்தத்திலும் அதைச் சுற்றியுள்ள மலையூர்களிலும் இன்னும் ஒவ்வொரு வீட்டிலும் கார் வந்துவிடவில்லை. இந்த வாய்ப்பை நழுவவிடக் கூடாது. எட்டு வீட்டில் எட்டுக் கார் வந்த பிறகு கூட்டம் போட்டால் ஒவ்வொருவரும் தம் இழப்பைக் கணக்கிட்டுத்தான் பேசுவார்கள். இரண்டு கார் இருக்கும்போதே பேசினால் எல்லோரும் நியாயத்தைக் கணக்கிட்டுப் பேச முடியும். வரும் கிராம சபைக்கு முன் உங்கள் தெருவின் அகலத்தை ஒரு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எத்தனை வண்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போய் அதைத் தீர்மானமாக முன்வையுங்கள். வழிக்கு முதலிடம் கொடுத்துவிட்டால், மிச்ச இடத்தைப் பங்கிடுவது பேசித் தீர்க்கக்கூடிய சின்னக் கணக்குதான்.