ஐவரில் ஓர் அயலான்



பூரட்டாதி நட்சத்திரத்தைத் தன்னகத்தே கொண்ட வான்பகுதியைக் கிரேக்கர் பறக்கும் குதிரையாகக் கண்டு பெகாசசு என அழைத்தனர். அங்கே, வெறுங்கண்ணுக்குச் சற்றும் புலனாகாத ஐந்து விண்மீன் மண்டலங்கள் நெருங்கி நிற்கின்றன. பிரான்சு நாட்டின் மார்செய் வானாய்வுக்கூடத்தில் எட்வார் ஸ்தெபான் என்பார் 1877ஆம் ஆண்டளவில் இவற்றைக் கண்டார். 80 செந்திமீற்றர் அகலமான ஆடி பூண்ட அவரது தொலைநோக்கியில் அவை மங்கிய புகைத்திட்டுகளாகவே தோன்றின.

கண் கணந்தோறும் புதிதாகப் பார்க்கிறது. ஒளிப்படத் தகடோ நெடுநேரம் விழும் ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கிறது. தகட்டில் பதிந்தபோதுதான் சுருண்ட கைகளும், ஒன்றையொன்று ஈர்த்ததால் நீண்ட வால்களும் வெளிப்பட்டன. ஐந்தும் ஒரே குடும்பம் என எண்ணுவதற்கு அப்படமே போதுமாயிருந்தது.

ஆயின் படத்திற்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. முற்றத்து மாமரமும் தொலைவிலுள்ள கோபுரமும் ஒரே படத்தில் அருகருகே நிற்பதில்லையா? விலகிச் செல்லும் மண்டலத்தின் நிறமாலைக் கோடுகள் செந்நிறப் பக்கம் நகரும். வேகம் மிகுந்தால் தொலைவும் மிகும் என்பது வானியலார் துணிபு. நான்கு மண்டலங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர் வேகம் காட்டின. 1961இல் மார்கரெட் பேர்பிட்ஜ், ஜெஃப்ரி பேர்பிட்ஜ் தம்பதியர் ஐந்தாவதை ஆராய்ந்தனர். அது காட்டியதோ ஏறத்தாழ 800 மட்டுமே!

இதனால் எழுந்த வழக்கு சிறிதன்று. ஐந்தும் மெய்யாகவே ஓரிடத்தில் இருப்பின் அந்த அளவுகோலே பொய்யாகும்; அதனால் அளந்த பேரண்டக் கணக்கு முழுவதும் ஆட்டங்காணும். ஓரிடத்தில்தான் இருக்கின்றன என்று அமெரிக்க வானியலார் ஹோல்ற்றன் ஆர்ப் வாதிட்டார். அவர் கட்சி நிலைக்கவில்லை. எனினும் வினா வீண்வினா அன்று.

முன்னர் மயக்கிய படமே பின்னர் தெளிவும் தந்தது. 1990இல் விண்ணேறிய ஹபிள் தொலைநோக்கியின் கூரிய படங்களில், ஐந்தாவது மண்டலத்தின் விண்மீன்கள் தனித்தனியே தெரிந்தன. அத்துணை அண்மையில் அது இருந்தது. ஏறத்தாழ 1,000 படக்கோப்புகளை இணைத்து ஆக்கப்பெற்று, 2022 யூலை 12இல் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படமும் அதனையே காட்டிற்று.

ஐந்தாவதன் தொலைவு ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டு; ஏனைய நான்கினதும் 29 கோடி. அந்நான்கினுள் ஒன்று மற்றவற்றினிடையே அதிவேகமாய்ப் பாய்ந்து, வாயுவில் பெரும் அதிர்ச்சியலையை எழுப்புகிறது. நான்கின் ஒளி புறப்பட்டபோது பூமியில் டைனோசர்கள் தோன்றவே இல்லை. அதே படத்தில் அருகே பதிந்த ஐந்தாவதன் ஒளி புறப்பட்டபோது, அவை அழிந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.