தீபாவளி ஷிஃப்ட்



பண்டிகைக் கொண்டாட்டம் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். அனல் மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

தீபாவளியன்று மின் தேவை கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மை நேர்மாறு. ஆலைகள் மூடிக்கிடப்பதால் தேவை இறங்கிவிடும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸை விட்டு விலகாதிருக்க உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும். பாய்லரை அணைத்துவிட்டும் போக முடியாது. மறுபடி ஏற்ற மணிக்கணக்காகும். ஆகவே யாராவது இருந்தே தீர வேண்டும்.

2021 தீபாவளிக்கு, உடன் வேலை பார்க்கும் பாய் சொன்னார்: "தம்பி, நீங்க ஊருக்குப் போங்க. ரம்ஜானுக்கு என் ஷிஃப்டை நீங்க பாருங்க."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பாய்" என்றேன்.

அடுத்த தீபாவளிக்குள் அப்பா போய்விட்டார். எனக்காக மஞ்சள் தடவி அவர் எடுத்து வைத்த சட்டை, பிரிக்காமலே பீரோவில் இருந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளியும் இல்லை.

இப்போது ரம்ஜானுக்கு நான், தீபாவளிக்கு பாய். பெருநாளன்று அவர் வீட்டு பிரியாணி கண்ட்ரோல் ரூமுக்கே வந்துவிடும். தீபாவளி முடிந்து திரும்பும்போது அம்மா சுட்ட அதிரசம் அவருக்குப் போகும்.

தம்பி தங்கைகளே, வேலைக்குப் போனபின் லீவு கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஷிஃப்டுக்கு மாற்று ஆள் கிடைப்பார்; வீட்டில் நம் இடத்துக்கு வேறு ஆள் கிடையாது.